சிறிய நிதிக் கம்பனிப் பங்கைத் திருகோணமலையில் இருந்து கவனிப்பது எப்படி

திருகோணமலையில் பங்குச் சந்தைக் கதை எடுத்தால் முதலில் வாயில் வருவது டோக்கியோ சீமெந்தும் லங்கா ஐஓசியும்தான். ஒன்றின் ஆலையும் மற்றதின் எண்ணெய்த் தாங்கிகளும் கண்முன்னே நிற்கின்றன. என்ன செய்து உழைக்கிறார்கள் என்று வெளியே நின்றே விளங்கும். நிதிக் கம்பனியை அப்படிப் பார்த்து அறிய முடியாது. கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உள்ள கிளை அதன் உடல்நிலையைச் சொல்லாது. அது விற்கும் சரக்கு கடன். கடன் கொடுத்த மாதமே வட்டி வருமானம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சரக்கு பழுதா நல்லதா என்று தெரிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரு சிறிய நிதிக் கம்பனியின் 100 ரூபாச் சொத்தில் பங்குதாரரின் காசு 15 ரூபா அளவில்தான் இருக்கும். மிச்சம் 85 ரூபாவும் வைப்பாளர்களுடையதும் வங்கிகளுடையதும். கடனாகக் கொடுத்ததில் 5 ரூபா கரைந்தால் பங்குதாரரின் காசில் மூன்றில் ஒன்று போய்விடும். வைப்பாளருக்கு ஒரு சதமும் குறையாது. அடி முழுவதும் பங்குக்காரர் தலையில் விழும். அதனால் இந்தப் பங்கைக் கவனிப்பவர் விலையைக் கடைசியாகவும் கடன்களை முதலாவதாகவும் பார்க்கப் பழக வேண்டும்.

வாங்குவதற்கு முன்

முதல் வேலை, அந்தக் கம்பனி 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றதா என்று மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பார்ப்பது. உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியல் அங்கே தமிழிலும் கிடைக்கும். பெயரில் 'பினான்ஸ்' என்று இருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. பட்டியலில் உள்ள பெயரும் சந்தையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே குழுமத்தில் ஒத்த பெயருடன் இரண்டு மூன்று கம்பனிகள் இருப்பது சாதாரணம்.

பங்கு வாங்க, உங்கள் பங்குகளை மின்னணுப் பதிவாக வைத்திருக்கும் சிடிஎஸ் கணக்கு வேண்டும். கொழும்பு பங்குச் சந்தையின் கைப்பேசிச் செயலி மூலம் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இரவு ரயில் ஏறத் தேவையில்லை. தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்குக்கான ஆதாரம், முகவரி ஆதாரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இடறும் இடம் பெயர். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகளோடு ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் முழுப்பெயர் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தால் விண்ணப்பம் திரும்பிவர அதுவே போதும். முதலில் வங்கியில் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். பங்கிலாபம், அதாவது கம்பனி தன் இலாபத்தில் பங்குதாரருக்குப் பகிரும் காசு, வரப்போவதும் அதே வங்கிக் கணக்குக்குத்தான்.

குறியீட்டையும் கவனியுங்கள். பெயருக்குப் பின் என் என்ற எழுத்து வந்தால் வாக்குரிமைப் பங்கு, எக்ஸ் வந்தால் வாக்குரிமையற்றது. இரண்டும் உள்ள கம்பனியில் வாக்குரிமையற்ற பங்கு மலிவாக இருப்பது வழக்கம். பங்கிலாபம் ஒன்றாகவே இருந்தாலும், நாளை வேறொருவர் கம்பனியைக் கைப்பற்ற வரும்போது இரண்டுக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

செலவுக் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. வாங்கும்போது தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், சிடிஎஸ் கட்டணம், சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம், விற்கும்போதும் அதே 1.12. ஒரு இலட்சம் ரூபாவுக்கு வாங்கினால் 1,120 ரூபா அப்போதே போய்விடும். சிறு விலைப் பங்குகள் பத்துச் சதப் படிகளில்தான் ஏறி இறங்கும். 6.00 ரூபாவுக்கு வாங்கிய பங்கு செலவோடு 6.07 ஆகிறது. 6.10க்கு விற்றால் கையில் வருவது 6.03. அதாவது ஒரு படி ஏறியும் நட்டம், 6.20க்கு விற்றால்தான் இலாபம். நாள் முழுக்க வாங்கி விற்று இந்தப் பங்குகளில் சம்பாதிக்க நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கோடுதான் மோதுகிறார்கள்.

அறிக்கைகள் எப்போது வரும்

பெரும்பாலான நிதிக் கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. முதல் மூன்று காலாண்டுகளின் இடைக்கால நிதிக் கூற்றுகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வர வேண்டும். நான்காவதுக்கு இரண்டு மாதம். ஆக ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பெப்ரவரி 14, மே மாத இறுதி ஆகிய நான்கு தேதிகளையும் கலண்டரில் வட்டமிடுங்கள். வருடாந்த அறிக்கை ஓகஸ்ட் இறுதிக்குள் வர வேண்டும். எல்லாம் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனியின் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். டிசம்பரில் ஆண்டை முடிக்கும் கம்பனியானால் தேதிகளை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகள் இதற்கு மேலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை முக்கிய நிதித் தரவுகளை நாளிதழ்களில் வெளியிடுகின்றன. தமிழ் இதழ்களிலும் வரும். அரைப் பக்க அட்டவணையாக இருப்பதால் பலர் விளம்பரம் என்று நினைத்துத் திருப்பிவிடுவார்கள். அதை வெட்டி ஒட்டி வையுங்கள். மூலதன விகிதம், திரவச் சொத்து (உடனே காசாக்கக்கூடியது), கடன் தரமதிப்பீடு, வைப்பு ஏற்பதில் மத்திய வங்கி ஏதும் எல்லை போட்டிருந்தால் அதுவும் அதில் இருக்கும். எல்லை போட்டிருப்பதைக் கண்டால் மேற்கொண்டு எதையும் வாசிக்காமலே வாங்கும் எண்ணத்தை நிறுத்தி வைக்கலாம்.

மே மாதம் வரும் நான்காம் காலாண்டுக் கூற்று கணக்காய்வு செய்யப்படாதது. அதில் உள்ள முழு ஆண்டு இலாபத்தை எழுதி வைத்துக்கொண்டு, பின்னால் வரும் வருடாந்த அறிக்கையின் கணக்காய்வு செய்த இலாபத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். 20, 30 சதவீதம் வெட்டுப்பட்டிருந்தால், கடன் நட்டத்துக்கு நிர்வாகம் ஒதுக்கியது போதாது என்று கணக்காய்வாளர் கண்டுபிடித்திருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள். அடுத்த ஆண்டின் காலாண்டு இலாபங்களையும் அதே சந்தேகத்தோடு வாசிக்க வேண்டியிருக்கும்.

கொப்பியில் எழுத வேண்டிய எண்கள்

சாதாரணக் கொப்பி ஒன்று போதும். கணினித் தாளில் செய்பவர்கள் அப்படியே செய்யலாம். காலாண்டுக்கு ஒரு வரி. எட்டு வரி, அதாவது இரண்டு வருடம் சேர்ந்த பிறகுதான் கொப்பி பேசத் தொடங்கும். அதனால் தொடங்கும் அன்றே பழைய கூற்றுகளை இறக்கிப் பின்னோக்கி எழுதிவிடுங்கள். ஒரு மாலை வேலை அது.

மிகவும் கவனிக்க வேண்டியது மூன்றாம் நிலைக் கடன். தற்போதைய கணக்கீட்டு நியமத்தில் கடன்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒழுங்காகக் கட்டப்படுபவை முதலாம் நிலை. 30 நாளுக்கு மேல் தவணை தவறியவை பொதுவாக இரண்டாம் நிலை. 90 நாளைத் தாண்டியவை மூன்றாம் நிலை. முன்பு நிதிக் கம்பனிகள் ஆறு மாதம் தவறிய பிறகே கடனைச் செயற்படாக் கடன் என்று வகைப்படுத்தின. பின்னர் அது படிப்படியாக 90 நாளுக்கு இறக்கப்பட்டது. ஆகவே பழைய அறிக்கையில் உள்ள 5 சதவீதத்தையும் புதிய அறிக்கையில் உள்ள 10 சதவீதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது, அளவுகோலே வேறு.

ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். கடன்கள் 1,500 கோடி ரூபா, பங்குதாரர் மூலதனம் 300 கோடி, பங்குகள் 10 கோடி. மூன்றாம் நிலைக் கடன் 150 கோடி, அதாவது 10 சதவீதம். அதற்கெதிராக ஒதுக்கி வைத்த தொகை 60 கோடி. மூடப்படாமல் நிற்பது 90 கோடி. இது மூலதனத்தில் 30 சதவீதம். இந்த 30 என்ற எண்ணே கொப்பியின் முதல் நிரல். பறித்த வாகனங்களையும் காணியையும் விற்று அதில் பாதி திரும்பி வந்தாலும் 45 கோடி நட்டம் காத்திருக்கிறது. கம்பனி காட்டும் தேறிய சொத்துப் பெறுமதி, அதாவது சொத்தில் கொடுக்க வேண்டியது போக மிஞ்சுவது, பங்குக்கு 30 ரூபா; அந்த 45 கோடியைக் கழித்தால் 25.50. சந்தை விலை 18 என்றால், 'பெறுமதியில் 60 சதவீதத்துக்கே கிடைக்கிறது' என்று சொல்லப்படுவது உண்மையில் 70 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அடுத்த வருடம் அதே கம்பனியின் கடன்கள் 2,000 கோடியாகி மூன்றாம் நிலை 170 கோடியானால் விகிதம் 8.5 சதவீதமாக இறங்கும். தலைவரின் செய்தியில் 'கடன் தரம் மேம்பட்டது' என்று எழுதுவார்கள். பழுதான கடனோ 20 கோடி கூடியிருக்கிறது. புதிதாகக் கொடுத்த 500 கோடிக்குப் பழுதாக இன்னும் வயது வரவில்லை, அவ்வளவுதான். இதைப் பிடிக்கும் வழி சுலபம். இந்த வருட மூன்றாம் நிலையைப் போன வருடக் கடன் தொகையால் வகுங்கள்: 170ஐ 1,500ஆல் வகுத்தால் 11.3. வேகமாக வளரும் கம்பனிகளில் இந்த எண்ணையே நம்ப வேண்டும்.

விகிதம் இறங்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பதிவழிப்பு: அறவிட முடியாத கடனை ஏட்டிலிருந்து எடுத்துவிடுவது. வருடாந்த அறிக்கையில் நட்ட ஒதுக்கத்தின் அசைவைக் காட்டும் குறிப்பில் அந்தத் தொகை இருக்கும். மற்றது மறுசீரமைப்பு: கட்ட முடியாதவருக்குத் தவணையை நீட்டிப் புதுக் கடன்போல ஆக்குவது. அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் இரண்டாம் நிலைக் கடன் தொடர்ந்து வீங்கிக்கொண்டே போக மூன்றாம் நிலை மட்டும் அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்கிறதோ என்று எண்ண இடமுண்டு.

இரண்டாவது நிரல் மூலதனப் போதுமை: கொடுத்த கடன் முதலிய சொத்துகளின் ஆபத்துக்கு ஈடாகக் கம்பனியிடம் எவ்வளவு மூலதனம் உண்டு என்பது. அதில் பங்குதாரர் போட்ட காசும் சேர்த்து வைத்த இலாபமும்தான் பெரும்பாலும் முதல் அடுக்கு. மொத்தச் சொத்து 100 பில்லியன் ரூபாவுக்குக் குறைந்த நிதிக் கம்பனிக்கு முதல் அடுக்கு மூலதன விகிதம் குறைந்தது 8.5 சதவீதமும் மொத்த விகிதம் 12.5 சதவீதமும் இருக்க வேண்டும், மையமூலதனம் 2.5 பில்லியன் ரூபாவுக்குக் குறையக் கூடாது. எல்லையைத் தாண்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், எந்தத் திசையில் நடக்கிறது என்று பாருங்கள். முதல் அடுக்கு விகிதம் 12 சதவீதமாக உள்ள கம்பனி, மூலதனத்தில் 12 சதவீதம் இலாபம் உழைத்து ஒரு சதமும் பங்கிலாபம் கொடுக்காமல், கடன்களை மட்டும் வருடம் 30 சதவீதம் பெருக்கினால் அடுத்த வருடம் விகிதம் 10.3 ஆகும், அதற்கடுத்த வருடம் 8.9. மூன்றாம் வருடம் எல்லை உடையும். அதற்கு முன்பே பங்குதாரரிடம் கை நீட்டியாக வேண்டும். உரிமைப் பங்கு வழங்கல், அதாவது இருக்கும் பங்குதாரருக்கே புதுப் பங்கை விற்றுக் காசு திரட்டுவது, பற்றிய அறிவிப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் ஒரு வருடம் முன்னரே இந்த நிரலில் தெரிந்துவிடும்.

மூன்றாவது வட்டி இடைவெளி: பெறும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள வேறுபாடு. வாகனங்களுக்கான லீசிங் கடன் நாலைந்து வருடத்துக்கு நிலையான வட்டியில் போகும். வைப்புகளில் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் முதிரும். ஆகவே நாட்டில் வட்டி ஏறும்போது செலவு முதலில் ஏறுகிறது, வருமானம் பின்னால் மெதுவாக வருகிறது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியபோது இந்தக் கம்பனிகளின் இடைவெளி நசுங்கியது அதனாலேதான். வட்டி இறங்கும்போது இதே பொறி எதிர்ப்பக்கம் வேலை செய்து இலாபத்தை ஊதிக் காட்டும். இறங்கும் காலத்து இலாபத்தைக் கம்பனியின் திறமை என்று எடுத்துக்கொண்டு நாலு வருடத்துக்கு நீட்டிக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். வருடாந்த அறிக்கையில் முதிர்வுப் பகுப்பாய்வு என்றொரு அட்டவணை உண்டு. ஒரு வருடத்துக்குள் வர வேண்டிய காசையும் கொடுக்க வேண்டிய காசையும் அதில் பார்த்தால் அடுத்த வட்டி மாற்றம் யாருக்கு அடிக்கும் என்று விளங்கும்.

நாலாவது, இலாபத்தின் தரம். நட்ட ஒதுக்கத்தை மீளெடுத்ததால் வந்த இலாபம், காணி கட்டிடத்தின் பெறுமதியைக் கூட்டி எழுதியதால் வந்த இலாபம், பிற கம்பனிப் பங்கு விற்ற இலாபம் மூன்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். தலைப்பில் சொல்லும் 'செயற்பாட்டு இலாபம்' நிதிச் சேவைகள் மீதான வரிகளுக்கு முந்தியதாக இருக்கலாம். அதற்குப் பிறகு 30 சதவீத வருமான வரியும் இருக்கிறது. கூற்றின் கடைசி எண்ணுக்கு வரும்போது தொகை பாதியாகியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உங்கள் கைக்கு வரும் பங்கிலாபத்திலும் 15 சதவீதம் பிடிக்கப்படும்.

கூற்றின் பின்பக்கத்தில் இருபது பெரிய பங்குதாரரின் பட்டியல், பகிரங்கப் பங்குடைமைச் சதவீதம் (பொதுமக்கள் கையில் உள்ள பங்கு), காலாண்டின் அதிகூடிய, அதிகுறைந்த விலை ஆகியவை இருக்கும். பட்டியலில் ஒரு பெயர் மூன்று காலாண்டாகக் கரைந்துகொண்டே வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கில் இருப்பவருக்குத் தெரிவது

கொழும்பில் உள்ளவருக்கு இல்லாத வசதி ஒன்று இங்கே உண்டு. நிதிக் கம்பனியின் வாடிக்கையாளர்கள் நம் அயலவர்கள்: தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயற்காரர், கிண்ணியா மீனவர், உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர், ஓட்டோ ஓட்டுநர். பெரும்போக விதைப்புக்கு முன் ஒக்டோபர், நவம்பரில் நகை அடகுக்குப் போகும். பெப்ரவரி, மார்ச் அறுவடைக்குப் பிறகு மீளும். வாடைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளத்துக்கும் விடுதிக்கும் வருமானம் குறைவு, தவணைகள் பிந்தும். ஆகவே கிழக்கிலும் வடக்கிலும் அதிகக் கிளைகள் உள்ள கம்பனியின் டிசம்பர் காலாண்டைச் செப்டம்பர் காலாண்டோடு ஒப்பிடக் கூடாது; போன வருட டிசம்பரோடு ஒப்பிட வேண்டும். மார்ச்சில் நிலுவை குறைவதும் பருவத்தின் வேலையாக இருக்கலாம்.

தெருவில் கவனிக்கத் தக்கவை மூன்று. பக்கத்துப் பக்கத்தில் உள்ள கிளைகளில் ஒரு வருட நிலையான வைப்புக்கு என்ன வட்டி என்று பார்த்து வாருங்கள்; ஒரு கம்பனி மட்டும் தொடர்ந்து மற்றவர்களைவிடத் தூக்கிக் கொடுத்தால் அதற்குக் காசுத் தாகம் இருக்கிறது. அடகுக்கு ஒரு பவுணுக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரையும் விட அதிகம் கொடுப்பவர் தங்க விலை இறங்கினால் முதலில் மாட்டுவார். 2013இல் உலகச் சந்தையில் தங்கம் சரிந்தபோது நகையை மீட்க வராமல் விட்டவர்களால் அடகுத் தொழிலில் இருந்த வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் பெரிய நட்டம் எழுதின. கடைசியாக, சீஸ் பண்ணிய ஓட்டோவும் லேண்ட்மாஸ்டரும் வளவில் எவ்வளவு காலம் வெயில் காய்கின்றன என்று பாருங்கள். விலைபோகாமல் நிற்கும் வாகனம் ஏட்டில் எழுதிய பெறுமதிக்கு ஈடல்ல.

ஆனால் ஒரு கிளை முழுக் கம்பனி ஆகாது. இங்கே கண்டது அறிக்கையில் தேட வேண்டிய கேள்வியைத் தரும், விடையைத் தராது. கிளையில் வேலை செய்யும் சொந்தக்காரப் பிள்ளையிடம் 'இந்தக் காலாண்டு எப்படி' என்று துருவவும் வேண்டாம். வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வாங்குவது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். உங்களுக்கும் சிக்கல், அந்தப் பிள்ளைக்கும் வேலை போகும்.

நுண்கடன் அதிகமுள்ள கம்பனியானால் அரசியலையும் கணக்கில் எடுங்கள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வடக்கும் கிழக்கும் அதில் அடங்கும். கிழமை வட்டியில் நசுங்கிய குடும்பங்களுக்கு அது மிகவும் தேவைப்பட்ட மூச்சு. தாங்க முடியாத வட்டியில் கடன் கொடுத்து வளரும் கம்பனியின் இலாபம் நிலைக்காது என்பதற்கும் அது சாட்சி. அந்த வகை இலாபத்தைத் தவிர்ப்பது மனச்சாட்சிக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

வாங்குவதும் வெளியேறுவதும்

சந்தை காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை. வாங்கியதற்கான காசும் பங்கும் இரண்டாவது சந்தை நாளில் கைமாறும். விலை குறிப்பிட்டே கட்டளை போடுங்கள். 'சந்தை விலைக்கு' என்று போட்டால் ஆள் இல்லாத பங்கில் மூன்று நாலு படி மேலே போய் வாங்கிவிடும்.

எவ்வளவு வாங்கலாம் என்பதை எவ்வளவு விற்க முடியும் என்பது தீர்மானிக்கட்டும். கடந்த 60 சந்தை நாட்களின் கைமாறிய பங்குத் தொகையை எழுதி வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு நாள் நடந்த பெரிய கைமாற்றம் சராசரியைக் கெடுத்துவிடும். நடு எண் 20,000 என்றால் விலையை உடைக்காமல் நீங்கள் ஒரு நாளில் விற்கக்கூடியது அதில் ஐந்தில் ஒன்று, 4,000. ஐந்து நாளில் வெளியேற வேண்டும் என்று வைத்தால் 20,000 பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கடன் வாங்கிப் பங்கு வாங்குபவருக்கு இது இன்னும் கொடியது. விலை சரிந்தால் தரகர் ஃபோர்ஸ் செல்லிங் செய்வார், அதாவது கடனை மீட்க உங்கள் பங்கைத் தானே விற்றுவிடுவார்; வாங்க ஆளில்லாத நாளில் அந்த விற்பனையே விலையை மேலும் தள்ளும். இந்த வகைப் பங்கைக் கடன் காசில் தொடாதீர்கள்.

திடீரென்று நாலு நாள் தொகை பத்து மடங்கு எகிறி, சந்தைக்கு எந்த அறிவித்தலும் வராமல் வாட்ஸ்அப்பில் மட்டும் 'பெரிய கம்பனி வாங்கப் போகிறது' என்று ஓடினால் கை கட்டி நில்லுங்கள். ஒருவர் வாக்குரிமையில் 30 சதவீதத்தை எட்டினால் மற்றப் பங்குதாரருக்கும் அவர்களின் பங்கையும் வாங்கிக்கொள்ளும் வாங்குகோரிக்கை வைக்க வேண்டும் என்று, கம்பனிகளைக் கைப்பற்றுவது பற்றிய விதிகளான கையேற்புக் கோவை சொல்கிறது. உண்மையான கைமாற்றம் என்றால் அறிவித்தல் வந்த பிறகும் உங்களுக்கு நேரம் இருக்கும்.

அறிவித்தல்களில் உடனே வாசிக்க வேண்டியவை: பிரதான நிறைவேற்று அதிகாரியோ நிதிப் பொறுப்பாளரோ பதவி விலகல், கணக்காய்வாளர் மாற்றம், தரமதிப்பீடு இறக்கம், பணிப்பாளர்கள் பங்கு விற்றல், சந்தையின் கண்காணிப்புப் பட்டியலில் கம்பனி சேர்க்கப்படுதல். தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருக்கலாம். ஆறு மாதத்தில் இரண்டு வந்தால் விற்று வெளியில் நின்று பார்ப்பதே எங்கள் பரிந்துரை.

உரிமைப் பங்கு வந்தால்

சிறு முதலீட்டாளர் அதிகம் காசு இழக்கும் இடம் இது. அதுவும் தவறான முடிவால் இல்லை, கடிதத்தைத் திறக்காமல் விட்டதால். உங்களிடம் 2,000 பங்கு, விலை 18 ரூபா. இரண்டுக்கு ஒன்று வீதம், 12 ரூபாவுக்கு உரிமைப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பழைய பங்கு 36, புதியது 12, மொத்தம் 48. மூன்றால் வகுத்தால் 16. அதாவது உரிமை விலகிய நாளில் (அன்று முதல் பங்கு வாங்குபவருக்கு இந்த உரிமை சேராது) விலை 16 பக்கம் இறங்கும்; அது வீழ்ச்சி இல்லை, கணக்கு. ஒரு உரிமையின் பெறுமதி 16இல் 12 போக 4 ரூபா. உங்களுக்குக் கிடைக்கும் 1,000 உரிமையும் 4,000 ரூபா பெறும். 12,000 ரூபா கட்டிப் பங்கை எடுக்கலாம், அல்லது உரிமை வர்த்தகமாகும் சில நாட்களுக்குள் அதைச் சந்தையில் விற்கலாம். இரண்டும் செய்யாமல் இருந்தால் 4,000 ரூபா காற்றில் போகும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் பெயரில் இங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் சரியாக வைத்திருக்க வேண்டியது இதற்காகவே.

எடுப்பதா விற்பதா என்பதற்குக் கொப்பியின் முதல் இரண்டு நிரல்களைப் பாருங்கள். வளர்ச்சிக்கு மூலதனம் கேட்கும் கம்பனிக்குக் கொடுக்கலாம். பழுதான கடன் தின்ற மூலதனத்தை நிரப்பக் கேட்பதாகத் தெரிந்தால், அதுவும் மூன்று வருடத்தில் இரண்டாம் தடவை என்றால், உரிமையை விற்றுவிடுங்கள்.

வைப்பும் பங்கும் ஒரே இடத்தில்

பழக்கமான கிளை என்பதால் ஒரே கம்பனியில் நிலையான வைப்பும் வைத்து அதன் பங்கையும் வாங்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் முடங்கலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த த பினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020 மே 22இல் இரத்தானது. அத்தகைய நிலையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் வைப்பாளருக்கு எல்லை வரை இழப்பீடு கொடுக்கும். இப்போதைய எல்லை ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா. அதற்கு மேலுள்ள வைப்பு, கலைப்பில் என்ன தேறுகிறது என்று காத்திருக்க வேண்டும். பங்குக்குக் காப்புறுதி கிடையாது. எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. ஆகவே நீங்கள் கவனிக்கும் பங்கின் கம்பனியில் வீட்டார் யாருக்காவது வைப்பு இருந்தால் ஒவ்வொருவர் பெயரிலும் வட்டியோடு சேர்த்து 11 இலட்சத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால், அடுத்த முதிர்வுத் தேதியில் மிகுதியை வேறு நிறுவனத்துக்கு மாற்ற இப்போதே கொப்பியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.